குண்டூசி விழுந்துகொண்டே இருந்தான்

எனக்குப் பத்து வயது. இருபத்திரண்டு வருடமாகப் பத்து வயதுதான். என் முழங்காலைக் கேட்டால் அறுபத்தேழு என்று சொல்லும். அதற்கு எதையும் பெரிதுபடுத்திப் பேசும் பழக்கம் உண்டு.

ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வந்த கார்ட்டூன் தொடர் ஒன்றில் நான் குரல் கொடுத்தேன். ஓர் உயரமான கட்டடம், அதன் உச்சி வீட்டில் ஒரு குடும்பம். கெட்டுப்போகாத பொருளையெல்லாம் பழுதுபார்த்துக் கெடுக்கும் அப்பா. அதைச் சத்தமில்லாமல் சரிசெய்யும் அம்மா. யாரையும் மதிக்காத அக்கா. எல்லோரையும் மதிக்கும் நாய். இத்தனை பேரையும் கண்ணில் விரல் விட்டு ஆட்டும் ஒரு பையன். மெலிந்த உடம்பும் பெரிய தலையுமாக இருப்பான், எங்கே கிடந்தாலும் குத்துவான் என்பதால் வீட்டில் அவனுக்குக் குண்டூசி என்று பெயர். அவனை வரைந்த கைகள் பத்திருபது இருக்கும். வாய் மட்டும் ஒன்றே ஒன்று. என்னுடையது.

சின்னப் பையனுக்கு ஒரு சின்னப் பையனையே பேசவைத்தால் இரண்டே வருடத்தில் மீசை முளைத்து, குரல் உடைந்து, தொடர் நாசமாகிவிடும். எனக்கு அந்த ஆபத்து இல்லை என்றுதான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மீசை விஷயத்தில் என் வீட்டுக்காரருக்கு வேறு கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம்.

தொடர் முடிந்து, நானும் ஓய்வு பெற்று, காலையில் பத்திரிகையும் மாலையில் சண்டையுமாக நிம்மதியாக இருந்த ஒரு நாளில் அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அப்பா என்றால் என்னைப் பெற்றவர் இல்லை. தொடரில் அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஆனாலும் ஒலிப்பதிவு அறையில் எத்தனையோ வருடம் அவரை நான் அப்பா என்றும், அவர் என்னை டேய் என்றும் கூப்பிட்டுப் பழகி, அது வெளியிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வழியில் எங்களைப் பார்ப்பவர்கள் காதைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்பார்கள்.

"டேய் பையா, சேதி தெரியுமாடா?"

"சொல்லுங்கப்பா."

"நம்ம குடும்பத்தை வீடியோ கேம் ஆக்குறாங்கடா. நான் லிப்ட்டை ரிப்பேர் பண்றேன். அது என்னையும் தூக்கிட்டு வானத்துக்குப் போயிடுது. நீ மாடி மாடியா ஏறி, தாவி, தொங்கி, புறாக் கூட்டத்தோட சண்டை போட்டு என்னைக் காப்பாத்துற."

"நான் எதுக்கு உங்களைக் காப்பாத்தணும்?"

"நானும் அதையேதான் கேட்டேன். டிவி ரிமோட் என் பாக்கெட்ல இருக்காம்."

"அப்ப சரி. நியாயமான காரணம்."

அப்பா கொஞ்சம் தயங்கினார். தயக்கம் என்பதே அவருக்கு வராது. வந்தால் விஷயம் பெரிது.

"எனக்கு ஒப்பந்தம் எழுதிக் குடுத்துட்டாங்கடா. உன் வேஷத்துக்குத்தான் வேற ஆள் பார்க்குறாங்க."

"என் வேஷத்துக்கு நான் இருக்கேனே!"

"பேசுறதுக்கு நீ போதும். ஆனா இதுல பேச்சே கொஞ்சம்தானாம். மீதியெல்லாம் கத்தல். தாவினா ஒரு சத்தம், தொங்கினா ஒரு சத்தம், அடிபட்டா ஒரு சத்தம், விழுந்தா விதவிதமா சத்தம். ஆயிரக்கணக்குல வேணுமாம். வயசான தொண்டை தாங்குமான்னு யோசிக்கிறாங்க."

குண்டூசியை இன்னொருத்தி தொண்டையில் குடிவைப்பதா? பேனாவையும் காகிதத்தையும் தேடி எடுத்தேன்.

"டேய், லைன்ல இருக்கியாடா?"

"விலாசம் சொல்லுங்கப்பா," என்றேன்.

மறுநாளே போய் நின்றேன். ஒரு டயர் கடைக்கு மேலே நீளமான கூடம். அதில் ஏராளமான இளைஞர்கள், மடித்துப் போட்ட துணி மாதிரி நாற்காலிகளில் கிடந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் புறாவின் இறக்கை மட்டும் வேலை. ஒருவருக்குக் கதவுகள் மட்டும். தரை போடுவதற்கென்றே தனியாக ஒரு தாடிக்காரர் இருந்தார். விளையாட்டுக்குள் தெரு, மாடி, மொட்டை மாடி எல்லாம் வெறும் படமாம். கால் வைத்தால் நிற்பதற்குப் படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத தரை ஒன்றை இவர் துண்டு துண்டாகப் போட வேண்டுமாம். கொத்தனார் என்று மனதுக்குள் அவருக்குப் பெயர் வைத்தேன்.

குரல் பதிவுக்குப் பொறுப்பான இயக்குநர் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். தலையில் பாதி ஹெட்போன், மீதி கூந்தல்.

"மேடம், உங்க குரலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்," என்றாள்.

"இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கணும். உயரம் பத்தலையே."

சிரித்தாள். சிரிக்கத் தெரிந்தவள் என்று குறித்துக்கொண்டேன். என்னை ஒலிப்பதிவு அறைக்குள் விட்டாள். பஞ்சு ஒட்டிய சுவர், ஒரு மைக், அதன் முன்னால் வட்டமான வலை, காகிதம் சலசலக்காமல் இருக்கத் துணி போர்த்திய தாங்கி, எதிரே கண்ணாடி. என் தாய் வீடு மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு குதிகாலையும் தூக்கினேன். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்: குதிகால் தரையில் இருந்தால் நான் பேசுவேன், தூக்கினால் குண்டூசி பேசுவான்.

"சின்னத் தாவல் குடுங்க மேடம்."

கொடுத்தேன். பெரிய தாவல். கொடுத்தேன். கம்பியில் தொங்குவது, புறா தலையில் கொத்துவது, சூடான குழாயைத் தொடுவது எல்லாம் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைகள் ஆடின.

"இப்ப அந்த அலறல் மேடம்."

எனக்குத் திக்கென்றது.

அந்த அலறல் ஊரறிந்த விஷயம். தொடரில் குண்டூசி எங்கிருந்து விழுந்தாலும் அதே அலறல்தான் வரும். பார்த்தவர்கள் அதைக் கைபேசியில் அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார்கள், தூங்குபவர்களை எழுப்பினார்கள், ஒரு பெண்ணைப் பெண்பார்க்க வந்தவன் அந்த அலறலைச் செய்துகாட்டிச் சம்மதம் வாங்கியதாகக்கூடச் சொல்வேன், யாரும் மறுத்ததில்லை. ஆனால் அதை நான் செய்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. முதல் வருடம், மைக் எட்டவில்லை என்று முக்காலி மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தபோது முக்காலி காலை வாரிவிட்டது. அப்போது வந்தது அது. ஒலிப்பதிவாளர் என்னைத் தூக்கிவிடுவதற்கு முன்னால் அதை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தினார். அப்புறம் விழும் காட்சி வந்தால் எல்லாம் அதையே ஒட்டினார்கள். வேகமாக ஓட்டி நாய்க்கும் போட்டார்கள், மெதுவாக ஓட்டி அப்பாவுக்கும் போட்டார்கள். நான் அதற்குப் பிறகு ஒரு தடவையும் விழவில்லை. விழும் காட்சி வந்தால் வெளியே போய்க் காபி குடிப்பேன்.

இப்போது முயன்றேன். நடுத்தெருவில் செருப்பு அறுந்துபோனால் ஒரு மரியாதையான அம்மா போடுவாளே ஒரு சத்தம், அது வந்தது. இன்னொரு தடவை. இப்போது இரண்டு செருப்பும் அறுந்தன.

"பரவாயில்ல மேடம்," என்றாள் இயக்குநர். இந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

அடுத்து உள்ளே போனவள் ஓர் இளம்பெண். வெளியே எனக்கு நாற்காலி தள்ளிவிட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள். அவள் வாயைத் திறந்தாள். அந்த அலறல் வந்தது. அச்சு அசலாக. நான் விழுந்துவிட்டேனோ என்று குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளும் ரப்பர் தொண்டை அவளுக்கு.

"சின்ன வயசுல இருந்து பழகினது ஆன்ட்டி," என்றாள் வெளியே வந்து. "எங்க அம்மா இதுக்காகவே எத்தனை தடவை அடிச்சிருக்காங்க தெரியுமா?"

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எதிரி என்று ஒருத்தி வந்தால் கொஞ்சமாவது கெட்டவளாக வரக் கூடாதா?

இயக்குநர் மழுப்பவில்லை. "மேடம், வியாழக்கிழமை கடைசித் தேர்வு. திரையில பையன் ஓடுவான். நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா, அவனைப் பார்த்துக்கிட்டே குரல் குடுக்கணும். அவன் விழுந்தா கூடவே விழணும். யாரோட விழுறானோ, குண்டூசி அவங்களுக்கு."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துக்கத்தையும் இயந்திரக் கோளாறாகத்தான் பார்ப்பார்.

"உனக்கு விழுற அனுபவம் பத்தாது," என்றார். "வா, பழகலாம்."

"எங்க?"

"லிப்ட்ல. கீழ இறங்க ஆரம்பிக்கிறப்போ வயிறு ஒரு தூக்கு தூக்கும் பாரு, அந்த நொடியில கத்து."

எங்கள் கட்டடத்து லிப்ட்டில் ஏறினோம். மேலே போய், கீழே இறங்கி, மேலே போய், கீழே இறங்கி, நான் கத்தினேன். அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "வயித்துல இருந்து வரல, மூக்குல இருந்து வருது," என்று பழுது சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் கதவு திறந்து, காய்கறிப் பையோடு மூன்றாம் மாடி டீச்சர் நின்றாள். வாயைப் பிளந்துகொண்டிருந்த என்னையும், பக்கத்தில் சாந்தமாக நின்ற இவரையும் பார்த்தாள்.

"உள்ள வாங்க, இடம் இருக்கு," என்றார் இவர்.

"இல்லங்க. நான் படியிலயே போறேன்."

"ஏன் டீச்சர்? லிப்ட் நல்லாத்தான் இருக்கு!"

"லிப்ட் நல்லாத்தான் இருக்குங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் படியேறினாள்.

புதன்கிழமைக்குள் எனக்குத் தொண்டை கட்டி, கட்டடத்தில் பாதிப் பேர் படியேறி மெலிந்து, அலறல் மட்டும் வரவே இல்லை. அன்று பிற்பகல் அப்பா வந்தார். சோபாவில் சாய்ந்து, நான் கத்தியதைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"டேய், நீ ஏன்டா அலறுற?"

"விழுறேன்ல?"

"நீ விழுந்தா விழு. குண்டூசி ஏன்டா அலறணும்? அவன் என்னைக்குடா பயந்திருக்கான்? வீடே பத்திக்கிட்டு எரிஞ்சப்போ நெருப்புகிட்ட நியாயம் பேசினவன்டா அவன்."

நான் எழுந்து நின்றேன். அது உண்மை. நெருப்பு வந்த அந்தக் காட்சியில் குண்டூசி ஓடவில்லை. 'முதல்ல அக்கா ரூமுக்குப் போ, அங்கதான் குப்பை அதிகம்' என்று வழிகாட்டினான். முக்காலியிலிருந்து விழுந்து அலறியது நான். குண்டூசி குண்டூசியாக இதுவரை விழவே இல்லை. விழுந்தால் அவன் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வாயை மூடமாட்டான்.

"நாளைக்கு அவன் விழுவான், அப்பா," என்றேன்.

"விழட்டும்டா. நானும் வந்து பார்க்குறேன்."

வியாழக்கிழமை. ரப்பர் தொண்டைக்கு முதல் வாய்ப்பு. கூடத்தில் ஓர் ஆள் பையனை ஓட்டும் பொத்தான் கருவியைக் கையில் பிடித்து விளையாட, திரையில் குண்டூசி ஓடினான். நன்றாகத்தான் செய்தாள். படியிலிருந்து விழுந்தபோது அலறல். ஜன்னல் விளிம்பிலிருந்து விழுந்தபோது அலறல். தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து விழுந்தபோது நீளமான அலறல், அது தீர்வதும் தெருவில் பையன் விழுவதும் ஒரே நொடியில் நடந்தன. கூடத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் மெதுவாக.

பிறகு நான் உள்ளே போனேன். கண்ணாடிக்கு அப்பால் இயக்குநரும் அப்பாவும் ரப்பர் தொண்டையும். மைக்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அது அணையும்வரை வாய் நிற்கக் கூடாது. இருமல் வந்தாலும், எறும்பு கடித்தாலும், வீட்டில் தீப்பிடித்தாலும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கினேன்.

திரையில் பையன் படியில் கால் தவறினான்.

"யாரு இங்க படி வச்சது? சொல்லிட்டு வைக்க மாட்டீங்க?"

கண்ணாடிக்கு அப்பால் இயக்குநரின் புருவம் ஏறியது. நான் மாட்டியிருந்த ஹெட்போனில் அவள் குரல் வந்தது. "மேடம், பேச வேண்டாம். விளையாடுறவங்க எங்க விழுவாங்க, எப்பத் தரையில மோதுவாங்கன்னு நமக்குத் தெரியாது. எந்த இடத்துல வேணும்னாலும் வெட்டுற மாதிரி இருக்கணும். பேச்சை நடுவுல வெட்டினா நல்லா இருக்காது."

"இவன் பேச்சை எங்க வெட்டினாலும் நல்லதும்மா. அவங்க அம்மாவைக் கேட்டுப் பாரு."

ஜன்னல் விளிம்பு. கை நழுவியது.

"நான் இல்ல, நான் இல்ல, அக்காதான் தள்ளினா, அவ வீட்டுல இல்லன்னாலும் அவதான்..."

டப் என்று விழுந்தான். சரியாக 'அவதான்' மேல் வெட்டுப்பட்டது. இயக்குநர் சிரித்துவிட்டாள், ஆனால் தலையைத் தீர்மானமில்லாமல் ஆட்டினாள். சின்ன விழுகைக்குச் சரி, பெரியதற்கு என்ன செய்வாய் என்று அந்தத் தலையாட்டல் கேட்டது.

தண்ணீர்த் தொட்டி. கருவி பிடித்திருந்த ஆள் போன தடவை வலது பக்கம் தெருவில் விழவைத்தவர், இந்தத் தடவை இடது பக்கம், கட்டடத்தின் பின்சந்துக்குள் விழவைத்தார். குண்டூசி குதித்தான், கை தவறியது, விழுந்தான்.

"அப்பா, தொட்டியையும் ரிப்பேர் பண்ணிட்டீங்களா? சொல்லியிருந்தா நான் லிப்ட்லயே வந்திருப்பேன், ஓ, அதையும் நீங்கதானே பண்ணீங்க..."

மாடிகள் கடந்தன. ஜன்னல்கள் கடந்தன. சந்துத் தரை வந்தது. அதையும் கடந்தான்.

தரைக்குள் போய்விட்டான். அந்தச் சந்துக்கு அடியில் கொத்தனார் இன்னும் தரை போடவே இல்லை! கட்டடம் மேலே போய், தெரு மேலே போய், வானமும் மேலே போய், ஒன்றுமே இல்லாத வெறும் சாம்பல் நிறத்தில் குண்டூசி கையைக் காலை ஆட்டிக்கொண்டு விழுந்துகொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே கலவரம். இயக்குநர் கொத்தனாரைத் தேடி ஓடினாள். கருவி பிடித்த ஆள் கொத்தனார் கீழே போயிருக்கிறார் என்று கையைக் காட்டிவிட்டு இயக்குநரின் பின்னால் ஓடினார். இறக்கைக்காரரும் கதவுக்காரரும் எதற்கென்று தெரியாமலே ஓடினார்கள். சிவப்பு விளக்கை யாரும் அணைக்கவில்லை.

விளக்கு எரிகிறது. பையன் விழுகிறான். நான் நிறுத்தினால் அவன் ஊமையாக விழுவான். ஊமையான குண்டூசியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். நான் நிறுத்துவதாக இல்லை.

"சரி, தெரு முடிஞ்சுது. அடுத்து என்ன? யாராவது இருக்கீங்களா? கீழ் வீட்டு ஆன்ட்டி? கீழ் வீட்டுக்கும் கீழ் வீட்டு ஆன்ட்டி? நான் சும்மா போயிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ண மாட்டேன். இது என்ன கலர்? அம்மா துவைச்ச அப்பா சட்டை மாதிரி இருக்கு. ஒரு பக்கமாவே விழுந்து கை மரத்துப்போச்சு, கொஞ்சம் திரும்பி விழுறேன். ஆங், இது வசதியா இருக்கு. சார், நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வர முடியாது, விழுந்துகிட்டு இருக்கேன். எப்ப வருவேன்னு தெரியாது, தரை கிடைச்சதும் வர்றேன். பரீட்சை இருந்தா வழியிலயே அனுப்பி வைங்க..."

பேசினேன். புறாக்களிடம் சமாதானம் பேசினேன். நாய்க்கு உயில் எழுதினேன்; அக்காவின் அறையை அதற்குக் கொடுத்தேன். பூமியின் மறுபக்கம் வந்துவிட்டதா என்று விசாரித்தேன். உலகம் தோன்றிய நாளிலிருந்து நான் விழுந்துகொண்டிருப்பது போல இருந்தது; இதில் மிகை ஒன்றும் இல்லை, கெண்டைக்கால் அப்படித்தான் சொன்னது. தூக்கிய குதிகால் நடுங்க ஆரம்பித்தது. நரம்பு இழுத்துப் பிடித்தது. கீழே வைத்தால் போதும், சுகம். வைத்தால் அறுபத்தேழு வயது அம்மா ஒருத்தி பேசுவாள். தாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"...பசிக்குது. விழுறவங்களுக்குச் சாப்பாடு யாரு தருவாங்க? அப்பா..."

குரல் பிசிறியது. வறண்ட தொண்டைக்குள்ளிருந்து வயதான அந்த அம்மா எட்டிப்பார்த்தாள். நான் அவளை உள்ளே தள்ளினேன். மூச்சு வாங்கியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்பா... நீங்க எங்க இருக்கீங்க? மேலயா, கீழயா? கீழன்னா கையை நீட்டுங்கப்பா. நான் வந்துட்டேதான் இருக்கேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா அப்போதுதான் பொத்தான்கள் நிறைந்த ஒலிப்பதிவு மேசையைப் பார்த்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. தெரியாத இயந்திரத்தில் கை வைப்பது அவருக்குப் பழக்கமானதுதான். ஒன்றை அமுக்கினார். கூடத்தில் விளக்கு அணைந்தது. இன்னொன்றை அமுக்கினார். ரப்பர் தொண்டை அவர் கையைப் பிடித்துச் சரியான பொத்தான் மேல் வைத்தாள்.

"டேய்! எங்கடா போற?" என்றது என் காதில்.

என் உடம்பெல்லாம் பத்து வயது திரும்பி வந்தது.

"விழுறேன்பா!"

"யாரைக் கேட்டுடா விழுற? விழுறதுக்கு முன்னாடி பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தெரியாது?"

"சொல்லிட்டு விழ முடியாதுப்பா, விழுந்துட்டுதான் சொல்ல முடியும்!"

"எதிர்த்துப் பேசாதடா! நேரா விழு. கோணலா விழுற!"

"நீங்க வந்து விழுந்து காட்டுங்க!"

"நான் மேல போயிட்டு இருக்கேன்டா, எனக்கு எங்கடா நேரம்? ஆமா, தரை எங்கடா?"

"இல்லப்பா. காணோம்."

"நான் தொடவே இல்லடா! அம்மாகிட்ட சொல்லிடு, தரையை மட்டும் நான் தொடவே இல்ல!"

ரப்பர் தொண்டை மேசை மேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன்; சிரிப்பு. எங்கள் குரல் கூடத்து ஒலிபெருக்கிகளிலும் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இருட்டில் நாற்காலிகளில் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்களாம். கையில் காபிக் கோப்பையோடு இழுத்துவரப்பட்ட கொத்தனார் தன் இடத்தில் உட்கார்ந்தபோது, "கொஞ்சம் பொறுங்க, இன்னும் கொஞ்ச நேரம் விழட்டும்," என்று யாரோ கெஞ்சினார்களாம். கொத்தனார் நியாயமானவர். கெஞ்சலைக் காதில் வாங்காமல் குண்டூசியின் காலுக்கு நேர் கீழே ஒரு துண்டுத் தரை போட்டார்.

திரையில் பார்த்தேன். சாம்பல் நிறத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரம் மேலே வந்தது. குண்டூசி அதில் பொத்தென்று விழுந்தான்.

"ம்," என்றேன். அவ்வளவுதான் வந்தது. பையன் எழுந்து நின்றான். சுற்றிலும் பார்த்தான். நான் சொன்னேன்: "இவ்வளவு சின்ன தரையா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

விளக்கு அணைந்தது. குதிகாலைக் கீழே வைத்ததும் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநர் உள்ளே வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"மேடம், அந்தச் சந்துக்குத் தரை போட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

வாசலிலிருந்து கொத்தனார், "அது தப்புங்க! ஓட்டையை அடைக்கத்தான் எனக்கு இங்க வேலையே!" என்றார்.

"இந்த ஒரு ஓட்டை மட்டும் இருக்கட்டும். விளையாடுறவங்க யாராவது அதுல விழுந்தா, பையன் அப்பாவோட சண்டை போட்டுக்கிட்டே விழட்டும்." என்னைப் பார்த்தாள். "குண்டூசி உங்களோடதுதான் மேடம். தாவல், தொங்கல், விழுகை எல்லாமே. ஆனா எல்லா சத்தமும் வேணும். ஒண்ணு விடாம. தொண்டை தாங்குமா?"

"தாங்கலன்னா அதுகிட்ட நான் பேசிக்கிறேன்."

ரப்பர் தொண்டை வெளியே எனக்காகத் தண்ணீரோடு நின்றாள். அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி நடிக்கவில்லை.

"நல்லாப் பண்ணினம்மா நீ," என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. அந்த ஓட்டையில நான் விழுந்திருந்தா அலறி முடிச்சதும் மூச்சு விட்டிருப்பேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்காது." மூக்கை உறிஞ்சினாள். "அக்கா வேஷத்துக்கு ஆள் தேடுறாங்களாம். கேட்கட்டுமா?"

"கேளு. ஆனா தெரிஞ்சுக்கோ, உன்னை நான் நிம்மதியா விடமாட்டேன்."

"விடாத, பார்ப்போம்," என்றாள். அதற்குள் அக்கா குரல் வந்துவிட்டது அவளுக்கு.

திங்கட்கிழமை முதல் நாள் பதிவு. என்னென்ன சத்தம் வேண்டும் என்று முன்கூட்டியே காகிதத்தில் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே, தண்ணீருக்குள் மூழ்குவது: லேசாக, பாதியாக, முழுதாக, மீனோடு. ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பினேன். என் வீட்டுக்காரர் கையில் துண்டோடு பக்கத்தில் நின்றார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோ. வாயை இறுக்கி மூடிக்கோ," என்றார்.

"அது பெரியவங்க மூழ்குற முறை," என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே விட்டேன்.

தண்ணீர் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. அவர் என் தோளைத் தட்டினார். தலையைத் தூக்கினேன்.

"என்ன சொன்ன? ஒண்ணும் புரியல!"

"உங்ககிட்ட பேசல," என்றேன். "மீன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன், நடுவுல வராதீங்க."

மறுபடி உள்ளே போனேன்.